கித்தாக் காட்டிலிருந்து கோடம்பாக்கத்துக்கு: ‘வல்லவன்’ என்னும் முதல் தொகுப்பு

2006இல் மலேசியாவில் ‘வல்லவன்’ என்றொரு இசைத்தொகுப்பு வெளிவந்தது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவர் ‘யோகி பி – நட்சத்ரா’ என்ற பெயரில் சேர்ந்து தந்த முதல் தொகுப்பு அது. அதற்கு முன் தமிழில் ராப் இல்லாமல் இல்லை. 1994இல் ‘காதலன்’ படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் ‘பேட்டை ராப்’ போட்டுத் தமிழ்நாட்டையே ஆட வைத்திருந்தார். ஆனால் அது படத்தின் நடுவே வந்துபோகும் ஒரு கலகலப்பு. எழுதியவர் ஒருவர், பாடியவர்கள் வேறு சிலர், திரையில் வாயசைத்தவர் இன்னொருவர். ராப்பில் சொல்கிறவன்தான் எழுதியவனாகவும் இருக்க வேண்டும். தன் ஊரை, தன் கோபத்தை, தன் பெருமையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த வகையில் தமிழர்கள் நாடு கடந்து பரவலாகக் கேட்ட முதல் முழுத் தொகுப்பு ‘வல்லவன்’தான் என்று துணிந்து சொல்லலாம்.

இந்தத் தொகுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ‘மடை திறந்து’ பாட்டைச் சொல்லி, அது தமிழ்நாடு வரை போய் வெற்றி பெற்றதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வெற்றியைவிட அது போன திசை முக்கியமாகப் படுகிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்க் கலை என்று நாங்கள் இங்கே பெற்றதெல்லாம் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தது. ‘ரஜூலா’ கப்பல் ஆளையும் அரிசியையும் மட்டுமா கொண்டுவந்தது? நாடகக் கம்பெனியும் இசைத்தட்டும் சினிமாப் பெட்டியும் அதே வழியில்தான் வந்தன. தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டி ஓடிய படமானாலும், வானொலியில் காலையில் ஒலித்த பக்திப்பாடலானாலும், அங்கே சமைத்ததை நாங்கள் இங்கே சாப்பிட்டோம். 2006க்குப் பிறகு முதல் தடவையாக இங்கே உருவான ஒரு தமிழ் ஓசையை அங்கே உள்ளவர்கள் கற்றுக்கொண்டார்கள். அது எப்படி நடந்தது என்பதற்கு விடை, இந்த மூவரின் திறமையில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி அவர்களைக் கேட்டவர்களிடம் இருக்கிறது. அந்தக் கேட்டவர்களை எனக்குத் தெரிந்த பேராக் மாநிலத்திலிருந்து பார்க்கிறேன்.

மலாயாவின் ரப்பர் கதையில் பேராக்குக்கு முதல் வரிசையில் இடம். 1877இல் ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி கோலகங்சாரில் ஒன்பது கன்றுகளை நட்டார். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் சுங்கை சிப்புட், தைப்பிங், தெலுக் இந்தான், பாகான் டத்தோ என்று மாநிலமெங்கும் காடு அழிந்து கித்தாக் காடு எழுந்தது. ‘கெத்தா’ என்ற மலாய்ச் சொல் எங்கள் வாயில் கித்தா ஆனது; ‘மங்கோக்’, பால் வடியும் மங்கு ஆனது. விடிவதற்கு முன் பெரட்டுக்களத்தில் நின்று, கங்காணி பெயர் கூப்பிட்டு, நிரைக்குப் போய், முந்தைய நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை இழுத்தெடுத்துவிட்டு, சாய்வாக ஒரு நூல் கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டுப்போகும், மேலாகப் போனால் பால் வராது. வெயில் ஏறுமுன் நிரை முழுவதும் முடிந்தாக வேண்டும். பிறகு வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடை. இந்த வேலை செய்யும் கையில் கத்தி இருக்கும், நெற்றியில் விளக்கு இருக்கும், வாயில் பாட்டு இருக்கும். தோட்டப்புறப் பாடல்களில் வரும் துரையும் கிராணியும் கங்காணியும் அந்த நிரையில்தான் கிண்டலுக்கு ஆளானார்கள். சொல்லமுடியாததைச் சந்தத்தில் சொல்லிவிடும் பழக்கம் ராப்புக்கு வெகு முன்பே எங்களிடம் இருந்தது.

தோட்டம் ஒரே நாளில் உடையவில்லை. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட, நாடு முழுவதும் அவசரகாலம் பிரகடனமானது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்க முயன்றது இந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். 1960களின் கடைசியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சட்டம் வந்தது. பிறந்த மண்ணைவிட்டுப் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். அடுத்து ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. அதற்கும் மிச்சமிருந்த நிலத்தில் வீட்டுமனையும் நெடுஞ்சாலையும் வந்தன. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் புறம்போக்குக் குடிசைக்கும், பிறகு மலிவு விலை அடுக்குமாடிக்கும் போனார்கள். ஈப்போ போன்ற நகரம் அவர்களைத் தாங்கிக்கொள்ளும் நிலையிலும் இல்லை. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்ததில், கிந்தா பள்ளத்தாக்கை வாழவைத்த ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன.

தோட்டம் கொடுத்தது குறைவுதான். ஆனாலும் அங்கே கோயில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, பந்து விளையாடத் திடல் இருந்தது, பையன் தவறு செய்தால் காதைத் திருகப் பத்துப் பெரியவர்கள் இருந்தார்கள். அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் அது ஒன்றும் இல்லை. 80களிலும் 90களிலும் பிறந்த பிள்ளைகள் இதில் வளர்ந்தார்கள். நாளிதழில் அவர்களுக்கு இருந்த பெயர் ‘குண்டர் கும்பல்’. திருட்டு, அடிதடி, போலீஸ் காவல் மரணம் என்ற செய்திகளில்தான் அவர்கள் முகம் வரும். தமிழ் மேடைகளிலும் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் பேசிய தமிழ், மலாயும் ஆங்கிலமும் சீனமும் கலந்த தெருத்தமிழ் என்பதால் பெரியவர்களுக்கு அது காது கூசியது.

அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே கச்சேரி உறுமி மேளம். ஈப்போவில் தைப்பூசத்தன்று புந்தோங் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சேரோவின் கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் போகும். ஒவ்வொரு காவடிக்கும் முன்னால் ஒரு பையன் கூட்டம், ஒரே நிற டி-சட்டை, முதுகில் குழுவின் பெயர். உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்த்தால் அடிவயிற்றிலிருந்து வரும் முனகல் போல ஒரு ஓசை எழும். மறுபக்கத்தில் நேர்குச்சி வெட்டும். முனகலும் வெட்டும் சேர்ந்து ஓடும்போது நடப்பவர்களின் கால் தானாக அந்தத் தாளத்துக்கு மாறும். அந்தக் குழுக்களின் உடையும் ஆட்டமும் சினிமாப் பாட்டு வாசிப்பும் பக்திக்குப் பொருந்தாது என்று ஆண்டுதோறும் கண்டனம் வரும். கண்டித்தவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பையன்கள் தாங்களே காசு போட்டு, தாங்களே தோல் கட்டி, பயிற்சி எடுத்து, ஆயிரம் பேர் முன்னால் நின்று வாசித்த ஒரே மேடை அது என்பதைக் கண்டனம் எழுதியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. ‘வல்லவன்’ வந்தபோது அதை முதலில் தூக்கிக்கொண்டவர்கள் இவர்கள்தான். குறுந்தகட்டைப் பிரதியெடுத்தும் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு மாற்றியும், மோட்டார் பட்டறையிலும் சாப்பாட்டுக் கடையிலும் அதைப் பரப்பினார்கள்.

யோகி பிக்கு இது முதல் தொகுப்பு அல்ல. 90களில் கோலாலம்பூரில் உருவான ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் அவர் ஒருவர். 1998இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு ஆங்கிலம், மலாய், தமிழ் என்று பல மொழிகளில் ஓடியது; மலேசிய ஹிப் ஹாப் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. நாடறிந்த பாடகராக ஆகிவிட்ட ஒருவர், அதன்பின் தமிழை மட்டும் நடுவில் வைத்து ஒரு தொகுப்பு செய்வது சந்தைக் கணக்குப்படி இறங்குமுகம். மலேசியாவில் தமிழ் இசைக்கலைஞன் பெரிய ஆளாக வேண்டுமென்றால் மலாயில் பாட வேண்டும் என்பதுதான் அதுவரை இருந்த பாடம். பினாங்கின் ‘அலிகேட்ஸ்’ குழுவை நடத்திய லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் அந்தப் பாடத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. தமிழ்க் குடும்பத்துச் சகோதரர்கள் பாடிய மலாய்ப் பாடல்களை இந்த நாடே மனப்பாடமாக வைத்திருக்கிறது. அவர்கள் சாதித்ததில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கதவு வழியே போனால் வீட்டில் பேசும் மொழியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ‘வல்லவன்’ குழு அந்தக் கதவைத் தட்டவே இல்லை.

இனி ‘மடை திறந்து’. மூலப்பாட்டு 1980இல் வந்த பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ படத்தில் உள்ளது. இசை இளையராஜா, எழுதியவர் வாலி, பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். வைரமுத்து தன் முதல் திரைப்பாடலை எழுதியதும் அதே படத்தில்தான். வேலை தேடி அலையும் இளைஞர்களின் கதை. அந்தப் பாட்டோ இசையமைப்பாளனாகத் துடிக்கும் ஒருவனின் மனக்கோட்டை. படம் ஓடவில்லை, பாட்டு சாகவில்லை. யோகி பி குழு பல்லவியை அதன் மெட்டிலேயே நிறுத்திவிட்டு, சரணம் வர வேண்டிய இடத்தில் தங்கள் ராப்பை வைத்தது. எத்தனையோ பழைய பாட்டு இருக்க இதைத் தேர்ந்தெடுத்ததில் நுட்பம் இருக்கிறது. பாடத் துடிக்கும் வேலையற்றவனின் பாட்டை, இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, வேறொரு நாட்டில், பாடத் துடிக்கும் வேறு சிலர் கையில் எடுத்தார்கள். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் பெற்றோரின் ‘சோல்’ இசைத்தட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டித் தங்கள் தாளத்தைக் கட்டினார்கள். எங்கள் பெற்றோரின் இசைத்தட்டு இளையராஜா. தோட்டத்து லயத்தில் மாலை நேரத்தில் ஒலிநாடா தேயத்தேய ஓடிய குரல் எஸ்.பி.பி. ஆகவே அமெரிக்காவைப் போல் செய்ய நினைத்தவர்கள் அமெரிக்காவிடமிருந்து எதையும் இரவல் வாங்க வேண்டியிருக்கவில்லை.

தமிழில் ராப் எழுதுவது எளிது என்று நினைக்கிறவர்கள் முதல் நாலு வரியிலேயே மாட்டிக்கொள்வார்கள். தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது. வந்தேன், நின்றேன், வென்றேன் என்று இயைபு தானாகவே கொட்டும். தானாகக் கொட்டுவது காதுக்குச் சீக்கிரம் சலிக்கும். ஆங்கில ராப் வரியின் கடைசியில் வைக்கும் திறமையை, தமிழ் யாப்பு எப்போதுமே வரியின் தொடக்கத்தில் வைத்திருக்கிறது: எதுகையும் மோனையும் அங்கேதான் அமர்கின்றன. இரண்டையும் ஒரே அடியில் இணைத்தால்தான் தமிழ் ராப் நிற்கும். எதுகை முதல் தட்டில் விழ வேண்டும், இயைபு நான்காவது தட்டில் முடிய வேண்டும், நடுவே மூச்சு விடவும் இடம் வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஆங்கிலத்தில் சொல்லின் ஓர் அசை இயல்பாகவே அழுத்தம் பெறும். அந்த அழுத்தம் முரசின் அடியோடு சேரும்படி எழுதினால் போதும். தமிழில் அந்த மாதிரி அழுத்தம் கிடையாது. அதற்குப் பதில் நம்மிடம் குறில் நெடில் இருக்கிறது, க்க, ட்ட, த்த, ப்ப என்று வெடிக்கும் இரட்டை ஒற்றுகள் இருக்கின்றன. கொன்னக்கோல் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. ‘வல்லவன்’ பாடகர்களின் வேகமான பகுதிகளை நிதானமாகக் கேட்டால், முரசின் அடி இந்த ஒற்றுகளைக் குறிவைத்தே விழுவது தெரியும். பேச்சுத்தமிழைப் பிடித்துக்கொண்டதற்கும் இதில் காரணம் உண்டு. ‘போகிறேன்’ நான்கு எழுத்து நடை, ‘போறேன்’ மூன்று. தாளத்தில் அந்த ஓர் எழுத்து ஒரு சொல்லுக்கே இடம் தரும். எழுத்துத்தமிழில் இதைச் செய்யவே முடியாது என்பதில்லை; செய்தால் மேடைப்பேச்சு போல் கனத்துவிடும். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவல் தோட்டத்துப் பேச்சையே நடையாக வைத்து எழுதப்பட்டது. இலக்கியத்தில் அவர் எடுத்த அதே முடிவை இசையில் இவர்கள் எடுத்தார்கள்.

ராப் என்றாலே தற்பெருமை, அது நம் பண்பாட்டுக்கு ஆகாது என்பது இங்கே அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. தலைப்பே ‘வல்லவன்’, போதாதா? அவையடக்கம் நம் மரபு என்பது உண்மை. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியார், தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லிவிட்டு, புலவனுக்கு நான்கு இடங்களில் அதை அனுமதிக்கிறார். அரசன் அவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கையும் ஈப்போ அடுக்குமாடிப் பையனின் நிலையோடு வைத்துப் பாருங்கள். அவனுடைய ஆற்றலை அறிந்தவர் இல்லை. நாளிதழ் நாள்தோறும் பழிக்கிறது. அவையில் அவனுக்கு வெல்ல வேண்டியிருக்கிறது. அரசுக்கு அவன் அனுப்ப வேண்டிய ஓலையும் நிறைய இருக்கிறது. பவணந்தியார் கணக்கில் அவனுடைய தற்புகழ்ச்சி இலக்கணப் பிழை ஆகாது. ஆசுகவியும், காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடிய நடக்கும் லாவணிப் போட்டியும் இருக்கிற மரபில், எதிராளியைச் சொல்லால் மடக்கும் கலையை அமெரிக்காவிலிருந்து வந்த நோய் என்று சொல்வது நம் வீட்டுச் சொத்தை நாமே தெரியாமல் பேசுவது.

உலக இசை வரலாற்றில் ‘வல்லவன்’ தொகுப்புக்கு ஓர் உறவுமுறை உண்டு: கரடுமுரடாக வந்து, பின்னால் வந்தவர்களுக்கு வழி திறந்த இன்னொரு முதல் தொகுப்பு. 1973 ஜூலையில் ‘நியூயார்க் டால்ஸ்’ என்ற குழு தன் பெயரிலேயே முதல் இசைத்தட்டை வெளியிட்டது. உதட்டுச்சாயம், கண்மை, உயர்ந்த குதிகால் செருப்பு என்று ஐந்து ஆண்கள் பெண்வேடத்தில் சோபாவில் அமர்ந்திருக்கும் அட்டைப்படம். வாசிப்பு கரடுமுரடு, கிதார் கத்தும், டேவிட் ஜொஹான்சனின் குரல் பாடுவதற்கும் கூவுவதற்கும் நடுவில் நிற்கும். தயாரித்த டாட் ருண்ட்கிரன் நுட்பமான ஒலிக்குப் பேர்போனவர். இருந்தும் அவர் சில நாட்களுக்குள் பதிவை முடித்து, கரடுமுரடை அப்படியே விட்டுவைத்தார். பில்போர்ட் பட்டியலில் தட்டு 116ஆம் இடத்துக்கு மேல் போகவில்லை. ‘க்ரீம்’ இதழின் வாசகர்கள் அந்த ஆண்டின் மிகச் சிறந்த புதுக் குழுவாகவும் மிக மோசமான புதுக் குழுவாகவும் இவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு வந்த பங்க் இசை முழுவதிலும் அந்தத் தட்டின் ரத்தம் ஓடுகிறது. குழுவின் கடைசி நாட்களில் அவர்களைக் கவனித்துக்கொண்ட மால்கம் மெக்லாரன்தான் லண்டனுக்குத் திரும்பி ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவை நடத்தினார்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது இன்னொன்று. கிதார் வாசித்த சில்வெயின் சில்வெயின் கெய்ரோவில் பிறந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. முதலில் டிரம்ஸ் வாசித்து, தட்டு பதிவாகும் முன்பே 1972இல் லண்டனில் இறந்துபோன பில்லி மூர்சியா கொலம்பியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. இருவரும் குழு தொடங்குமுன் பின்னலாடைத் தொழில் செய்தவர்கள். ஊருக்குப் புதிதாக வந்தவனின் மகனுக்கு உடை சும்மா அலங்காரம் இல்லை. என்னைப் பார், பார்க்காமல் போகாதே என்று தெருவிடம் போடும் சண்டை. பெரியவர்களின் அச்சமும் எப்போதும் உடையில்தான் முதலில் போய் ஒட்டிக்கொள்கிறது. 1992இல் மலேசியத் தகவல் அமைச்சு நீள முடி வைத்த ராக் பாடகர்களைத் தொலைக்காட்சிக்கு வரவிடாமல் தடுத்தது. மலாய் ராக்கின் பெரிய நட்சத்திரங்களான ஏமியும் அவியும் ஊரறிய முடி வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. கல்லுமலைப் பாதையில் உறுமிப் பையன்களின் டி-சட்டையைப் பற்றி எழுந்த கூச்சலும், ஹிப் ஹாப் பையன்களின் தொளதொளத்த கால்சட்டை, சங்கிலி, தொப்பி பற்றி வீட்டில் எழுந்த கூச்சலும் அதே குடும்பம்.

கரடுமுரடு என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ‘வல்லவன்’ தொகுப்பை இன்று கேட்டால் சில இடங்களில் மின்னணுத் தாளம் மெலிந்து ஒலிக்கிறது. இன்றைய தமிழ் ராப் பாடகர்கள் அதைவிட வேகமாகவும் சிக்கலாகவும் பாடிவிடுகிறார்கள். ஆனால் முன்மாதிரி இல்லாமல் செய்த வேலையின் அதிர்வு அதில் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும், இது தமிழில் நடக்குமா என்ற கேள்விக்கு அப்போதுதான் விடை கண்டுபிடிக்கப்படுகிறது. பின்னால் வந்தவர்களுக்கு விடை தெரியும். ஆகவே அவர்களிடம் நேர்த்தி இருக்கிறது, அந்த நடுக்கம் இல்லை.

விளைவுகள் வேகமாக வந்தன. 2007இல் வெற்றிமாறனின் முதல் படமான ‘பொல்லாதவன்’ வந்தது. அதற்கு ஜி.வி. பிரகாஷ் குமார், ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தின் ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டைப் புதுப்பித்தபோது எஸ்.பி.பி.யோடு யோகி பியைப் பாடவைத்தார். பழைய மெட்டை நடுவில் வைத்து ராப்பைச் சுற்றிக் கட்டும் அந்த அமைப்பு எங்கிருந்து போனது என்று கேட்கவே தேவையில்லை. 2011இல் ‘ஆடுகளம்’ படத்திலும் அவர் குரல் வந்தது. அதே ஆண்டு ‘கிளப்புல மப்புல’ பாட்டோடு ஹிப்ஹாப் தமிழா ஆதி தமிழ்நாட்டில் பேசப்பட்டார், 2012இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ தொகுப்பு வந்தது. 2017இல் ‘விவேகம்’ படத்துக்காக அனிருத் யோகி பியை மறுபடி அழைத்தார். கோடம்பாக்கம் ராப் பாடகனை ‘வேண்டும்’ என்று தேடிப்போக ஆரம்பித்த காலம் அது.

மலேசியாவில் நடந்தது வேறு. தொகுப்பு வந்த மறு ஆண்டு, 2007 நவம்பர் 25இல், பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள் ‘இண்ட்ராஃப்’ அமைப்பின் உரிமைப் பேரணிக்காகக் கோலாலம்பூர்த் தெருவில் திரண்டு கண்ணீர்ப்புகையையும் தண்ணீர்ப் பீரங்கியையும் எதிர்கொண்டார்கள். நான்கு மாதத்தில் நடந்த பொதுத்தேர்தலில் பேராக் மாநில ஆட்சி மாறியது. 1974 முதல் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியை வைத்திருந்த ச. சாமிவேலு, தோட்டத் தொழிலாளர் வழக்குகளில் பல ஆண்டு உழைத்த மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்றார். ஓர் இசைத்தட்டு ஆட்சியைக் கவிழ்த்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. பேரணிக்கும் தேர்தலுக்கும் வேர் நிலத்திலும் கோயிலிடிப்பிலும் கூலியிலும் இருந்தது. ஆனால் ‘நாம் பேசினால் கேட்பார்கள்’ என்ற எண்ணம் ஒரு தலைமுறைக்கு வந்த ஆண்டுகள் அவை. அந்த எண்ணம் அவர்கள் காதுக்குத் தாளத்தோடு முன்னரே வந்திருந்தது. 2015இல் சஞ்சய் குமார் பெருமாள், தோட்டத்தை விட்டுக் குடிசைப்பகுதிக்கு வந்த குடும்பத்துச் சிறுவனைப் பற்றி ‘ஜகாட்’ படம் எடுத்தார். தேசிய விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனிப்பிரிவில் வைப்பது சரியா என்ற பெரும் சர்ச்சைக்கு நடுவே, 2016இல் அது சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது.

அதே 2016இல் பா. இரஞ்சித்தின் ‘கபாலி’ வந்தது. தோட்டத் தொழிலாளர் உரிமைக்குப் போராடி எழுந்த மலேசியத் தமிழனாக ரஜினிகாந்த். சந்தோஷ் நாராயணன் அறிமுகப் பாட்டில் ராப் பகுதிக்கு மலேசியாவின் ரோஷன் ஜாம்ராக் குரலை வைத்தார். பத்தாண்டுக்கு முன் நடக்க முடியாத காரியம். சென்னை எங்கள் கதையைச் சொல்ல வந்தபோது, அந்தக் கதைக்கு எங்கள் வாயும் வேண்டும் என்று உணர்ந்திருந்தது.

‘வல்லவன்’ குறித்து எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குழுவின் மூவரும் ஆண்கள். தலைப்பும் ஆண்பால். கித்தாக் காட்டில் பால்மரம் வெட்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். விடியலுக்கு முன் எழுந்து சமைத்துவைத்து, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, நிரையில் பாடிக்கொண்டே வெட்டியவர்கள் அவர்கள். தெருவுக்கு வந்த மகனின் கோபம் தொகுப்பாகிவிட்டது. நிரையில் பாடிய தாயின் பாட்டு அதில் சேரவில்லை. இந்தக் குறை மலேசியத் தமிழ் ராப் முழுமைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தாயின் பாட்டு பிறகு வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2021 மார்ச்சில் ராப் பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளியானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்க்கையை அறிவு அந்தப் பாட்டுக்கு அடிப்படையாக வைத்தார். ஒப்பாரியின் சாயலும் ராப்பும் ஒன்றாகச் சேர்ந்த பாட்டு அது. ஒரு தோட்டத்துப் பாட்டியை உலகத் தமிழர் அத்தனை பேரும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்துப் பாட்டிமார்களுக்கும் அவ்வளவு பெரிய பாட்டு வேண்டும். அவர்களில் கொஞ்சப்பேர் சுங்கை சிப்புட்டிலும் புந்தோங்கிலும் மலிவு வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்; நிரையில் பாடியதைக் கேட்டால் இரண்டு வரியாவது நினைவிலிருந்து எடுத்துச் சொல்கிறார்கள். மாலையில் கைப்பேசியில் தாளம் போட்டு வரி எழுதும் பேரப்பிள்ளைகள் அதே வீட்டின் அடுத்த அறையில் இருக்கிறார்கள். அவர்கள் அந்த அறைக்குப் போய் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, ‘பாட்டி, நிரையில என்ன பாடுவீங்க?’ என்று கேட்க வேண்டும், இந்த ஆண்டே.